காத்திருத்தலும் காட்சியில் சேருமா?

தைப் பொங்கல் விடுமுறையில் நம் பங்கின் மறைக்கல்வி மாணவர் நாற்பது பேரையும், உடன் வர விரும்பிய பெற்றோர், பெரியோர் சிலரையும் அழைத்துக்கொண்டு செஞ்சிக் கோட்டைக்குச் சென்றிருந்தோம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்து செல்லும் கோட்டைதான். அன்று இறங்கி நடந்தோம். இராஜகிரி மலையின் அடிவாரத்திற்கு வந்ததும், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அண்ணாந்து உச்சியைப் பார்த்தான். பிறகு நம்மைப் பார்த்தான். "மேலே இருப்பதைக் கீழேயே கட்டியிருக்கக் கூடாதா, ஐயா?" என்று கேட்டான். சுற்றி நின்ற சிறுவர் எல்லாரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம்.

சிரித்தோமே தவிர, அந்தக் கேள்வி அன்று முழுவதும் நம் மனத்தைவிட்டு அகலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இதே மாணவர்களைச் சென்ற கோடை விடுமுறையில் பெருநகரம் ஒன்றை அடுத்துள்ள கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அங்கே ஒவ்வொரு சவாரிக்கும் வரிசையில் நின்றோம். இரண்டு நிமிடச் சவாரிக்கு ஐம்பது நிமிடக் காத்திருப்பு! அந்தக் காத்திருப்பை இனிதாக்க வேண்டும் என்பதற்காகவே ஓரிடத்தில் வரிசைப் பாதையைக் குகைபோல் அலங்கரித்திருந்தார்கள். இன்னோரிடத்தில், சவாரிக்கு முன்னால் எல்லாரையும் ஓர் இருட்டறையில் நிறுத்தி ஒரு கதைப்படம் காட்டினார்கள். முன்காட்சி என்று இதனைக் கூறலாம்.

இப்படி வரிசையை அலங்கரிப்பதும் முன்காட்சி காட்டுவதும் சவாரியின் சுவையை உண்மையிலேயே கூட்டுகின்றனவா? அல்லது நம்முடைய கால்வலியை மறக்கச் செய்யும் தந்திரம் மட்டும்தானா? இம்மாதம் இதைப் பற்றி வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம். விளையாட்டுப் பொருளாகத் தோன்றினாலும் இது சிறிய காரியம் அன்று. காத்திருக்கும் நேரத்தில் நம் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது பெற்றோராகிய நம் கவலை அன்றோ?

முதலில் இந்த வழக்கம் எப்படித் தோன்றியது என்று பார்ப்போம். வால்ட் டிஸ்னி என்பவர் 1955-ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் அனகைம் நகரில் டிஸ்னிலாந்து பூங்காவைத் திறந்தார். பூங்காவைச் சுற்றி ஓர் இரயில் பாதை ஓடியது. 1969-இல் அங்கே பேய் மாளிகை என்னும் சவாரியைத் திறந்தபோது, சவாரிக்கு வேண்டிய பெரிய கட்டடத்தை அந்தப் பாதைக்கு வெளியேதான் கட்ட முடிந்தது. ஆகவே மக்களை நிலத்தடிக்கு இறக்கி, தண்டவாளத்தின் அடியில் நடத்திச் செல்ல வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு லிப்ட் தேவைப்பட்டது. வெறும் லிப்ட் வைப்பதற்குப் பதிலாக, அதையே எண்கோண அறையாக்கிச் சுவர்களில் ஓவியங்களை மாட்டினார்கள். அறை கீழே இறங்க இறங்க, ஓவியங்கள் நீளுவதுபோல் தோன்றும். தாம் இறங்குகிறோம் என்பதை அறியாத மக்கள், சுவர் வளருகிறது என்று வியந்து நின்றார்கள். பின்னர் 1971-இல் புளோரிடா மாநிலத்தில் இதே மாளிகையைக் கட்டியபோது, நிலத்தடிக்கு இறங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆயினும் அந்த அறையை விட்டுவிட மனம் வரவில்லை. மேற்கூரை உயரும்படி செய்து அதே காட்சியை அமைத்தார்கள். தேவையினால் பிறந்தது, சுவையினால் நிலைத்தது.

இதற்குப்பின் வரிசைப் பாதைகள் நீண்டுகொண்டே போயின. அதே டிஸ்னிலாந்தில் 1995-இல் தொடங்கப்பட்ட இண்டியானா ஜோன்ஸ் சவாரிக்கு, பழங்கோயில் ஒன்றின் இடிபாடுகளைப்போல் அமைத்த பாதையில் ஏறத்தாழ அரை மைல் நடக்க வேண்டும். புளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் வேறொரு நிறுவனத்தார் 2010-இல் ஹாரி பாட்டர் கதையிலுள்ள கோட்டையைக் கட்டி, அதன் அறைகளின் ஊடாகவே வரிசையைச் செலுத்தினார்கள். சவாரி வேண்டாதவர்கள் கோட்டையை மட்டும் சுற்றிப் பார்க்கத் தனி வழியும் விட்டார்கள். காத்திருக்கும் இடமே காண வேண்டிய இடமாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காத்திருக்கும் மனிதனின் மனநிலையைப் பற்றி அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். டேவிட் மைஸ்டர் என்னும் மேலாண்மை அறிஞர் 1985-இல் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. வேலை ஒன்றுமின்றி நிற்கும் நேரம், ஏதேனும் செய்துகொண்டிருக்கும் நேரத்தைவிட நீண்டதாகத் தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பது, தெரிந்து நிற்பதைவிட நீண்டதாகத் தோன்றும். காரணம் தெரியாத தாமதம் மேலும் நீளும். எல்லாவற்றையும்விட, நமக்குப் பின் வந்தவர் முன்னே போகும் அநியாயமான வரிசை மிக மிக நீண்டதாகத் தோன்றும். இவையே அவர் கூறியவற்றின் சாரம். நியாயவிலைக் கடையிலும் அரசு மருத்துவமனையிலும் நின்று பழகிய நமக்கு இவற்றை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் அறிஞர் வாயால் கேட்கும்போது ஓர் ஆறுதல்.

இதனோடு சேர்த்து, ஹூஸ்டன் விமான நிலையத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியையும் கூற வேண்டும். பெட்டிகள் வருவதற்கு நேரமாகிறது என்று பயணிகள் ஓயாமல் முறையிட்டார்களாம். நிர்வாகத்தார் விமானங்களைத் தொலைவிலுள்ள வாயில்களில் நிறுத்தி, பயணிகளை நெடுந்தூரம் நடக்க வைத்தார்கள். அவர்கள் நடந்து வந்து சேரும்போது பெட்டிகளும் வந்து சேர்ந்தன. நேரம் சிறிதும் குறையவில்லை. முறையீடு மட்டும் நின்றுவிட்டது!

இந்த நிகழ்ச்சியைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் சற்றே நின்று யோசித்தால், இதில் ஒரு நெருடலும் இருக்கிறது. அந்தப் பயணிகளுக்கு நடையினால் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை. அவர்கள் கவனம் திருப்பப்பட்டது, அவ்வளவே. காத்திருக்கும் நேரத்தை மறைப்பது ஒன்று. காத்திருக்கும் நேரத்தில் ஒன்றைக் கொடுப்பது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

நாம் சென்ற பூங்காவில் இந்த வேற்றுமையைக் கண்ணாரக் கண்டோம். முன்காட்சி அறைக்குள் ஏறத்தாழ அறுபது பேரை நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். படம் ஓடியது, வேற்றுமொழியில் பேசியதால் நம் பிள்ளைகளுக்குப் பாதிக்குமேல் விளங்கவில்லை. ஒரு சிறு குழந்தை இருட்டைக் கண்டு வீறிட்டழுதது. படம் முடிந்து கதவு திறந்ததும், சவாரி தொடங்கிவிடும் என்று எண்ணி எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு போனார்கள். அங்கே இன்னொரு வரிசை! அந்தக் கணத்தில் பிள்ளைகளின் முகம் வாடியதை நாம் மறக்கவில்லை. அந்தக் கதைக்கும் பின்னர் ஏறிய வண்டிக்கும் யாதொரு தொடர்பும் இருக்கவில்லை என்பது வேறு.

மற்றொரு சவாரியில் அலங்காரம் ஒன்றும் இல்லை. தகரக் கூரை, இரும்புக் கம்பி, அவ்வளவுதான். ஆனால் நின்ற இடத்திலிருந்தே ரோலர் கோஸ்டர் மேலேறுவதும் தலைகுப்புற விழுவதும் நன்றாகத் தெரிந்தன. ஏறியவர்கள் போட்ட கூச்சல் கேட்டது. இறங்கியவர்கள் தள்ளாடிக்கொண்டே சிரித்தது தெரிந்தது. நம் மாணவர்கள் வண்டிகளை எண்ணினார்கள். எந்த வளைவில் கூச்சல் அதிகம் என்று பந்தயம் கட்டினார்கள். முன் இருக்கையா, பின் இருக்கையா என்று வாதாடினார்கள். ஒரு பெண் பிள்ளை நன்றாகப் பார்த்துவிட்டு, "எனக்கு வேண்டாம், நான் இங்கேயே நிற்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். அவளை யாரும் கேலி செய்யவில்லை. அந்த நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. வரப்போவதை அவர்களுக்கு உள்ளபடி காட்டிற்று அந்த வரிசை. அதைவிடச் சிறந்த முன்காட்சி வேறு என்ன?

ஆகவே முன்காட்சியே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. இருட்டில் ஓடும் சவாரிகள் உண்டு. அவற்றுக்குள் நாம் யார், எங்கே போகிறோம், எதற்கு அஞ்ச வேண்டும் என்று தெரியாவிட்டால் வெறும் குலுக்கல்தான் மிஞ்சும். அங்கே இரண்டு நிமிடக் கதை தேவைதான். பட்டையை இறுக்குவது எப்படி, யார் ஏறக் கூடாது என்னும் எச்சரிக்கைகளையும் கதையோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் காதில் ஏறும். மறுபுறம், கதை தேவைப்படாத ராட்டினத்திற்கும் நீர்ச்சறுக்குக்கும் கதையை ஒட்ட வைப்பது, மாம்பழத்தின்மேல் சர்க்கரை தூவுவதைப் போன்றது.

செலவில்லாத முன்காட்சியும் நம் நாட்டில் உண்டு. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வி.ஜி.பி. தங்கக் கடற்கரைக்குச் சென்றவர்கள், அங்கே அசையாமல் நின்ற சிலை மனிதரை மறந்திருக்க மாட்டார்கள். அவரைச் சிரிக்க வைக்கக் குழந்தைகள் செய்யாத சேட்டை இல்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை. நிற்பது ஒன்றே அவர் தொழில். ஆனால் அவரைச் சுற்றி நின்றவர்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. காண வந்தவனுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டால், அவனுக்கு நேரம் போவதே தெரிவதில்லை.

இந்தக் கலையை மேனாட்டாரிடம்தான் கற்க வேண்டுமா? செஞ்சி வட்டாரத்து மக்கள் தெருக்கூத்தில் இதை எத்தனையோ தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள். பாரதக் கூத்துக்குப் பேர்பெற்ற வட்டாரம் இது. ஆல்பிரட் ஹில்டபைட்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1988-இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதல் தொகுதி, செஞ்சியையே தொடக்கமாகக் கொண்டது. கூத்து தொடங்குமுன் மேளம் நெடுநேரம் முழங்கும். அது வயலிலும் வீட்டிலும் இருப்பவர்களைக் கூட்டி வரும். பிறகு கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான். அதன்பின் இருவர் ஒரு திரையைப் பிடிப்பர். வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். கிரீடத்தின் நுனியும், சலங்கை கட்டிய காலும் மட்டும் தெரியும். யார் வருவது என்று கட்டியங்காரன் விசாரிப்பான். திரை விலகும்போது, அமர்ந்திருந்த குழந்தைகூட நிமிர்ந்து உட்காரும். அந்தத் திரை நேரத்தை மறைப்பதற்காகப் பிடித்ததன்று. வருபவர் இன்னார் என்று மெல்ல மெல்ல அறிவிப்பதற்காகப் பிடித்தது. கூத்தோடு ஒட்டிப் பிறந்தது அது. கூத்திலிருந்து பிரிக்க முடியாதது.

இனிக் கோட்டைக்குத் திரும்புவோம். செஞ்சிக் கோட்டை என்பது இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் மதிலையும் சேர்த்துக் குறிக்கும். இராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். அடிவாரத்தில் கல்யாண மகால், நெற்களஞ்சியங்கள், குளங்கள், வேங்கடரமணர் கோவில் ஆகியவை உள்ளன. அங்கிருந்து மலை ஏறுகிறவனை வாயிலுக்குப்பின் வாயிலாகக் கோட்டை நிறுத்துகிறது. நேராக ஓடி நுழைய முடியாது. பாதை திரும்பும், குறுகும், மறையும். யானையோ குதிரையோ வேகம் பிடிக்க இடமில்லை. உச்சியை நெருங்கும்போது, ஏறக்குறைய 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பாறைப் பிளவு குறுக்கே வருகிறது. அதன்மேல் உள்ள பாலத்தை அகற்றிவிட்டால், அதற்குமேல் யாரும் அடியெடுத்து வைக்க இயலாது.

இவற்றையெல்லாம் கட்டியவர்களின் நோக்கம் ஒன்றே ஒன்று, வருபவனைத் தாமதப்படுத்துவது. அந்நோக்கம் நிறைவேறியதை வரலாறு சொல்கிறது. 1677-இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார். அவர் மகன் இராஜாராம் இங்கே வந்து தங்கியபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையிட்டார். கோட்டை வீழ்ந்ததோ 1698-இல். ஐம்பது நிமிட வரிசைக்கு முகம் சுளித்த நம் மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, "எட்டு வருஷமா!" என்று வாயைப் பிளந்தார்கள். ஆனால் இதே கோட்டையை 1750-இல் புஸ்ஸி என்பவரின் தலைமையில் பிரெஞ்சுப் படையினர் ஒரே இரவில் பிடித்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடவில்லை.

ஏறத் தொடங்குமுன் உபதேசியார் ஐயா மாணவர்களை மர நிழலில் உட்கார வைத்தார். 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, சிறு படையோடு போர்க்களம் புகுந்து உயிர்விட்ட இளைஞன் தேசிங்கு ராஜனின் கதையைத் தொடங்கினார். குதிரை புறப்படும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, "மிச்சம் மேலே" என்றார். பிள்ளைகள் கெஞ்சினார்கள், அவர் மசியவில்லை. இரண்டாம் வாயிலில் நின்று, போர்த்துக்கல் நாட்டு இயேசு சபைக் குரு நிக்கோலஸ் பிமெந்தா 1597-இல் இங்கு வந்ததைச் சொன்னார். தாம் இந்தியாவில் கண்ட நகரங்களுள் இதுவே பெரிது என்றும், போர்த்துக்கலில் லிஸ்பன் நீங்கலாக இதற்கு நிகரான நகரம் இல்லை என்றும் அக்குரு எழுதி வைத்ததைக் கேட்டபோது, மாணவர்கள் திரும்பிக் கீழே பார்த்தார்கள். வயலும் முள்ளும் பாறையுமாகக் கிடந்த இடத்தில் ஒரு மாநகரத்தைத் தேடினார்கள். எந்த இருட்டறைப் படமும் அந்தப் பார்வையை அவர்களுக்குக் கொடுத்திருக்க முடியாது என்று எண்ணுகிறோம்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்றும் சொல்ல மாட்டோம். நம் குழுவில் வந்த பெரியவர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், மூன்றாம் வாயிலருகில் நாயக்கர் வரலாற்றை முழுவதும் விளக்கத் தொடங்கினார். நிழலில்லாத இடம். கால் மணி கடந்ததும் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். குரங்கு ஒன்று வந்து தண்ணீர்ப் புட்டியைப் பறித்துக்கொண்டு ஓடியது. கூட்டமும் அதன் பின்னால் ஓடியது. முன்காட்சிக்கு ஓர் அளவு வேண்டும் என்பதைக் குரங்கும் அறிந்திருக்கிறது போலும்!

உச்சியில் அரங்கநாதர் கோவில் அருகில் காற்று வாங்கிக்கொண்டு நின்றபோது, உபதேசியார் மீதிக் கதையைச் சொல்லி முடித்தார். ஒருவரும் பேசவில்லை. வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் பாறையும்தான் கண்முன் இருந்தன. ஆயினும் ஏறி வந்த கால்களுக்கு அந்த உயரம் தெரிந்திருந்தது; கேட்டு வந்த காதுகளுக்கு அந்த அமைதியின் பொருள் தெரிந்திருந்தது. செஞ்சியின் காத்திருப்பு காட்சியின் பகுதி என்பதற்கு இதுவே காரணம். வாயில்கள் அலங்காரமல்ல. அவை இல்லாவிட்டால் கோட்டையே இல்லை.

இவ்விடத்தில் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஏறியவர்களுக்குச் சரி, ஏற முடியாதவர்களுக்கு? நம்மோடு வந்த ஒரு பாட்டியம்மாவுக்கு மூட்டுவலி. அவர் கல்யாண மகால் அருகில் நிழலில் அமர்ந்துகொண்டார். "நீங்கள் போய் வாருங்கள், நான் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்று சிரித்த முகத்தோடுதான் அனுப்பினார். ஆனால் திரும்பி வந்தபோது, அவர் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். சிரமத்தின் சிறப்பைப் பற்றிச் சிரமப்பட முடிந்தவர்கள் பேசுவது எளிது. பழனியில் விஞ்சு இருக்கிறது. 2004 முதல் ரோப் காரும் இருக்கிறது. அதனால் படியேறுவோர் இல்லாமல் போய்விட்டார்களா? இல்லையே. முதியவர்க்கும் உடல் நலிந்தவர்க்கும் ஒரு வழி இருப்பதால் மலையின் பெருமை குறைவதில்லை. நம் தேகத்துக்கு முடிந்தும் குறுக்குவழி தேடும்போதுதான் இழப்பு. அந்த இழப்பும் நம்முடையதே.

ஆனால் பணத்துக்கு விற்கப்படும் குறுக்குவழி வேறு வகை. நாம் சென்ற பூங்காவில், கூடுதல் கட்டணம் செலுத்தியவர்கள் தனிப் பாதையில் விரைந்து சென்று நமக்கு முன்னால் ஏறிக்கொண்டார்கள். "அவர்கள் நமக்குப் பிறகுதானே வந்தார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தோம். டிஸ்னி பூங்காக்களில் 1999-இல் விரைவுச் சீட்டு முறை தொடங்கியபோது அது எல்லார்க்கும் இலவசமாக இருந்தது. 2021 முதல் அமெரிக்காவிலுள்ள அப்பூங்காக்களில் அதைக் கட்டணத்துக்கு உரியதாக்கிவிட்டார்கள். வரிசை நீள நீள, அதைத் தாண்டும் சீட்டுக்கு விலை கூடும். அப்படியானால் வரிசையைக் குறைப்பதில் யாருக்கு அக்கறை இருக்கும்? சுவரில் எத்தனை சித்திரம் தீட்டினாலும், இந்த அநியாயம் குழந்தையின் கண்ணுக்குத் தப்புவதில்லை. இராஜகிரியின் படிகளோ, செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் கூலி வேலை செய்பவர் பிள்ளைக்கும் ஒரே உயரம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வரிசையின் முதல் கடமை அழகு அன்று, பாதுகாப்பு. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 8 அன்று, திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி தரிசனத்துக்குரிய டோக்கன் பெறக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் உயிரிழந்தனர். அதே திருமலையில், வைகுண்டம் வரிசை வளாகத்தின் அறைகளில் காத்திருக்கும் மக்களுக்கு உணவும் பாலும் கொடுக்கும் நல்ல ஏற்பாடு நீண்ட காலமாக நடந்துவருகிறது. கூடம் கட்டிக் காத்தவர்களும் கூட்டத்தைக் கணிக்கத் தவறினால் என்னவாகும் என்பதற்கு இது துயரமான சான்று. நிழல், குடிநீர், கழிப்பறை, உட்கார ஒரு திண்ணை, எவ்வளவு நேரம் ஆகும் என்னும் உண்மையான அறிவிப்பு, அவசரத்துக்கு வெளியேற ஒரு வழி. இவை அமைந்த பிறகே சித்திரமும் கதையும். வெயிலில் நிற்கும் தாய்க்கு, இடுப்பிலுள்ள குழந்தையின் தாகமே பெரிய கதை.

இதையெல்லாம் இப்பொழுது எண்ணிப் பார்ப்பதற்குத் தக்க காரணமும் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆம் நாள், மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்னும் பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. இனிக் கூட்டம் பெருகும். வருகிறவர்களை மகிழ்விக்க வேண்டும் என்று, ஒலிபெருக்கியும் வண்ண விளக்கும் சிமெண்டுப் பொம்மைகளும் வைக்கலாம் என்னும் எண்ணம் யாருக்கேனும் எழக்கூடும். வேண்டா என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். கோட்டையே தன் முன்காட்சியைக் கல்லில் கட்டி வைத்திருக்கிறது. அந்தந்த வாயிலில், அங்கே தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் நல்ல தமிழில் நான்கு வரி எழுதி வைத்தால் போதும். நடுவழியில் தண்ணீரும் நிழலும் வேண்டும். ஏற இயலாதவர்களுக்கு, உச்சியிலிருந்து காணும் காட்சியைக் காட்டும் ஒரு சிறு கூடம் அடிவாரத்தில் இருந்தால், நம் பாட்டியம்மாவைப் போன்றவர்கள் வாழ்த்துவார்கள்.

பெற்றோர்களே, பூங்காக்காரரும் கோட்டைக் காவலரும் செய்ய வேண்டியவற்றைச் சொன்னோம். நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வரிசையில் நின்றவுடன் பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிடுகிறோம். அது அழுகையை நிறுத்தும்; ஆனால் ஹூஸ்டன் பயணிகளின் நடையைப் போல, அதுவும் நேரத்தை மறைக்குமே அன்றி, வரப்போவதற்கு ஆயத்தம் செய்யாது. போகும் இடத்தைப் பற்றி முன்னாள் இரவே பாதிக் கதையைச் சொல்லுங்கள். மீதியை அங்கே சொல்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பார்க்க வேண்டியதை அவர்களே பார்த்துச் சொல்லட்டும். பாஸ்கா திருவிழிப்பு இரவில் விளக்குகளை அணைத்துவிட்டுக் கோவிலுக்கு வெளியே இருட்டில் நின்ற அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. அந்த இருட்டில் நிற்காமல், பிந்தி வந்து ஒளிவெள்ளத்தில் நுழைகிறவர்கள் எதை இழந்தார்கள் என்று நமக்குத் தெரியும். காத்திருத்தல் காட்சியில் சேரும். ஆனால் அந்தக் காட்சிக்கே உரிய காத்திருத்தலாக அது இருக்க வேண்டும்.

மாலையில் பேருந்து திண்டிவனம் சாலையில் திரும்பியபோது, முன் இருக்கையில் பாட்டியம்மா அமர்ந்திருந்தார். காலையில் கேள்வி கேட்ட மாணவன் அவர் அருகில் போய் உட்கார்ந்து, ஏறிய வழியைச் சொல்லிக்கொண்டு வந்தான். முதல் வாயிலில் பாதை எப்படித் திரும்பியது, எந்த இடத்தில் குரங்கு வந்தது, பாலத்தைத் தாண்டும்போது யார் கண்ணை மூடிக்கொண்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். வாயில்கள் எத்தனை என்பதில் மட்டும் அவனுக்கும் பின் இருக்கைத் தோழனுக்கும் சண்டை. இவன் ஆறு என்றான், அவன் ஏழு என்றான். "சரி, தேசிங்கு ராஜன் கதையில் அப்புறம் என்ன ஆயிற்று?" என்று பாட்டியம்மா கேட்டார்.

"பொறுங்கள் பாட்டி, இன்னும் மலை உச்சிக்கே வரவில்லை" என்றான் அவன்.